கார் பீடிங், கிளாடிங் கழற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார் கதவில் ஓடும் பிளாஸ்டிக் பட்டையான பீடிங், சக்கரத்துக்கு மேலே வளைந்து நிற்கும் கறுப்பு பிளாஸ்டிக் கிளாடிங் இரண்டையும் கழற்ற வேண்டிய நாள் வந்தே தீரும். சிக்னலில் பைக் உரசியிருக்கும், அல்லது பெயிண்ட் வேலை இருக்கும். இவற்றைப் பிடித்திருக்கும் கிளிப் உடைந்துவிடுமோ என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உடைந்தால் உடையட்டும், அது விலை குறைந்த நைலான் துண்டு. பிளாஸ்டிக் பாகத்தையும் அதற்கு அடியில் இருக்கும் பெயிண்டையும்தான் காப்பாற்ற வேண்டும்.

அதனால் கையில் புது கிளிப் இல்லாமல் வேலையில் இறங்காதீர்கள். சென்னையில் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ காரின் மாடலையும் வருடத்தையும் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் பழைய கிளிப் ஒன்றைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். தலை ஒரே மாதிரி இருந்தாலும் தண்டின் தடிமன் கொஞ்சம் மாறினால் போதும், ஓட்டையில் ஆடிக்கொண்டே இருக்கும்.

ஸ்க்ரூ டிரைவரால் நெம்புவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. அதன் இரும்பு முனை பெயிண்டைத் தகரம் வரை சுரண்டிவிடும். மேலே பிளாஸ்டிக் மூடிக்கொள்வதால் அந்தக் கீறல் கண்ணில் படாது. கடலோரமான பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் உப்புக்காற்றில் நிற்கும் வண்டி என்றால் உள்ளே துரு பிடித்து, பெயிண்ட் கொப்புளித்த பிறகுதான் விஷயமே தெரியவரும். ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, பிளாஸ்டிக் நெம்பு கருவியை கிளிப்புக்குப் பக்கத்திலேயே கொடுத்து நெம்புங்கள். இரண்டு கிளிப்புக்கு நடுவில் நெம்பினால் பட்டை வளைந்து, அந்த இடம் வெளுத்துப்போகும். வேலையை மெக்கானிக்கிடம் கொடுத்திருந்தாலும், "அண்ணே, டேப் ஒட்டிட்டு நெம்புங்க" என்று சொல்லத் தயங்காதீர்கள். கீறல் விழுந்துவிட்டால் டச்-அப் பெயிண்ட் வைத்துக் காய்ந்த பிறகே மூட வேண்டும்.

வரவில்லை என்றால் பலம் போட்டு இழுக்காதீர்கள். எங்கேயோ ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி சக்கர வளைவுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சில வகை கிளிப்புகளில் நடு ஊசியை முதலில் தூக்கினால்தான் மொத்தமும் வெளியே வரும்.

கிளிப் இல்லாமல் இருபக்கமும் ஒட்டும் டேப்பில் ஒட்டிய பீடிங்கை ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கி, பின்னால் தூண்டில் நரம்பை விட்டு ரம்பம்போல் இழுத்தால் வளையாமல் வந்துவிடும். மிஞ்சிய பசையைக் கட்டைவிரலால் உருட்டி எடுத்துவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். தின்னர் பெயிண்டையே கரைத்துவிடும். மண்ணெண்ணெய் எண்ணெய்ப் பிசுக்கை விட்டுவிடும், அதன்மேல் எந்த டேப்பும் நிற்காது.

கிளிப் மாட்டும் காதுகள் உடைந்துவிட்டால் அவற்றை உடனடிப் பசையால் (சூப்பர் க்ளூ) ஒட்டப் பார்ப்பவர்கள் முதலில் பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் அம்புக்குறிகளுக்கு நடுவே பி.பி. (PP) அல்லது ஏ.பி.எஸ். (ABS) என்று பிளாஸ்டிக்கின் வகை பொறித்திருக்கும். பி.பி. என்றால் சாதாரணமாக அந்தப் பசை பிடிக்கவே பிடிக்காது. ஏ.பி.எஸ்.ஸில் பிடிக்கும், ஆனால் சுற்றிலும் வெள்ளை படியும். வினிகர் வாசம் அடிக்கும் சிலிக்கான் பசையைத் தகரத்தின் பக்கமே கொண்டுபோக வேண்டாம். அதிலிருந்து வரும் அமிலம் துருவைத் தூண்டும்.

திரும்ப மாட்டும்போது அவசரம் கூடவே கூடாது. ஒவ்வொரு கிளிப்பும் ஓட்டைக்கு நேராக நிற்கிறதா என்று பார்த்து உள்ளங்கையால் அழுத்துங்கள், 'டக்' என்று சத்தம் வர வேண்டும். வராத இடத்தில் குத்தினால் தண்டு மடங்கிவிடும். டேப் வேலைக்குத் தகரத்தின் சூடு சுமார் 20 முதல் 38 டிகிரிக்குள் இருப்பது நல்லது. மே மாத மதிய வெயிலில் நிற்கும் கார் அதையெல்லாம் எப்போதோ தாண்டியிருக்கும். அதனால் காலையில், நிழலில் ஒட்டுங்கள். பழைய டேப்பின் மேலேயே புதிதை ஒட்டாதீர்கள். பிடிப்பு முழுதாக வர 72 மணி நேரம் ஆகும், அதுவரை வாட்டர் வாஷ் வேண்டாம்.

அதன் பிறகு ஓரங்களை நகத்தால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். எங்காவது எழும்பினால் அங்கே மட்டும் பசை தடவாமல், முழுப் பட்டையையும் எடுத்துப் புது டேப் போடுங்கள்.