ஒளிவளைவை எண்களாக எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்மீன் ஒன்றின் ஒளி கூடிக் குறைவதை அஸ்ட்ரோஇமேஜ்ஜே என்ற மென்பொருளில் அளந்தாயிற்று, திரையில் ஒளிவளைவும், அதாவது நேரத்தோடு ஒளி மாறுவதைக் காட்டும் வரைபடமும், வந்துவிட்டது. இனி அதை வெளியே எடுக்க வேண்டும். இரவெல்லாம் கண்விழித்துச் சேர்த்தது கெட்டுப்போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். வேலூர், காட்பாடி, திருப்பத்தூர் பக்கம் கல்லூரி ப்ராஜெக்டுக்காக இதைச் செய்யும் மாணவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

வரைபடத்தை வெறும் படமாகச் சேமித்துவிட்டு அதையே தரவு என்று நினைப்பது முதல் தவறு. படத்தில் புள்ளிகள் இருக்கும், எண்கள் இருக்காது. அளவீட்டு அட்டவணையைத் தனியே சேமியுங்கள். அது டேப் விட்டுப் பிரித்த சாதாரண உரைக் கோப்பு, எதிலும் திறக்கும். பிழை அளவுள்ள பத்தியையும் சேர்த்தே எடுங்கள். அது இல்லாவிட்டால் ஒரு சரிவு உண்மையா, இரைச்சலா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

திரையில் தெரிவதும் அட்டவணையில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதையும் கவனியுங்கள். வரைபடத்தில் மட்டும் புள்ளிகளைச் சராசரியாக்கியிருப்பீர்கள், மேலே கீழே நகர்த்தியிருப்பீர்கள், காற்றுத் திணிவின் (விண்மீனின் ஒளி கடந்துவரும் காற்றின் அளவு) பாதிப்பை நீக்கியிருப்பீர்கள். அட்டவணையில் பழைய எண்களே இருக்கும். மாற்றிய எண்கள் வேண்டுமென்றால் அவற்றைப் புதிய பத்தியாகச் சேர்க்கச் சொல்லிவிட்டுச் சேமிக்க வேண்டும். பழைய பத்தியை அழிக்காதீர்கள்.

எல்லாவற்றிலும் அதிகச் சேதம் செய்வது நேரப் பத்திதான். ஃபிட்ஸ் கோப்பின், அதாவது கேமரா சேமிக்கும் வானியல் படக் கோப்பின், தலைப்பில் நேரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்க வேண்டும். கேமராவை இயக்கும் மடிக்கணினி தவறாக அமைந்திருந்தால் இந்திய நேரத்தையே அங்கே எழுதிவிடும், மென்பொருளும் அதை நம்பிவிடும். இதைக் கண்டுபிடிக்க நம் ஊரில் ஒரு நல்ல வழி உண்டு. வானியலில் நாட்களைத் தொடர்ச்சியாக எண்ணும் ஜூலியன் நாள் மாறுவது கிரீன்விச் நண்பகலில், அதாவது நமக்கு மாலை 5.30க்கு. ஆகவே வேலூரில் இருட்டியதிலிருந்து விடியும் வரை எடுத்த எந்தப் படத்துக்கும் ஜூலியன் நாளின் தசமப் பகுதி 0.0க்கும் 0.5க்கும் இடையில்தான் வரும். நள்ளிரவு என்றால் சுமார் 0.27. நள்ளிரவுக்குப் பிந்தைய படங்கள் 0.5ஐத் தாண்டியிருந்தால், ஐந்தரை மணி நேரம், அதாவது 0.229 நாள், கூடுதலாக ஏறியிருக்கிறது.

அடுத்து, எந்த ஜூலியன் நாள் என்பது. பூமியில் பார்த்த நேரத்துக்கும் சூரியனை மையமாக வைத்துத் திருத்திய நேரத்துக்கும் 8 நிமிடத்துக்கு மேல்கூட வித்தியாசம் வரலாம். சூரியக் குடும்பத்தின் நிறை மையத்துக்குத் திருத்தும் ஜூலியன் நாளான பிஜேடியை டிடிபி என்ற நேர அளவில் கொடுத்தால், யூடிசியைவிட இன்னொரு 69 விநாடி கூடும். வாஸ்ப்-43 பி போன்ற கோள் தன் விண்மீனை 19.5 மணி நேரத்தில் ஒருமுறை சுற்றுகிறது. அதன் கடப்பு நேரத்தை, அதாவது கோள் தன் விண்மீனுக்கு முன்னால் கடக்கும் நேரத்தை, பிறருடைய அளவோடு ஒப்பிடும்போது, பத்தியின் பெயர் வெறும் ‘நேரம்’ என்றிருந்தால் அந்தக் கோப்பால் பயனில்லை. படம் எடுக்கத் தொடங்கிய நேரமா, எடுப்பின் நடு நேரமா என்பதையும் குறியுங்கள். 120 விநாடிப் படத்தில் அதுவே ஒரு நிமிடம்.

நேரம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குச் சான்று நம் ஜவ்வாது மலையிலேயே இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, அன்றைய வட ஆற்காடு மாவட்டத்துக் காவலூரில் 1 மீட்டர் தொலைநோக்கியில் ஒளி சட்டென்று மங்கியதைப் பதிந்தார்கள். வேறு இடங்களில் பதிந்த மங்கல்களோடு நேரத்தைப் பொருத்திப் பார்த்துத்தான் யுரேனஸுக்கு வளையங்கள் உண்டென்று உறுதியானது.

சரியான நேரத்தையும் எக்ஸல் கெடுத்துவிடும். சிஎஸ்வியாக (காற்புள்ளி இட்டுப் பிரித்த உரைக் கோப்பாக) சேமிக்கும்போது கட்டத்தில் கண்ணுக்குத் தெரியும் தசமங்களை மட்டுமே அது எழுதும். மூன்று தசமத்தோடு நின்றால் ஒவ்வொரு படியும் 86 விநாடி. சேமிக்கும் முன் ஆறு தசமமாவது தெரியும்படி வையுங்கள். பைத்தான் நிரல்மொழியில் 32 பிட் தசம எண்ணாக ஏற்றினால் இன்னும் மோசம்: 24 லட்சத்தைத் தாண்டிய ஜூலியன் நாளை அது கால் நாள், அதாவது ஆறு மணி நேரப் படிகளாகத்தான் வைத்திருக்கும். 64 பிட்டிலேயே ஏற்றுங்கள். 2450000ஐக் கழித்து எழுதுவதானால் கழித்த எண்ணைக் கோப்பின் தலைப்பு வரியிலேயே போடுங்கள்.

ஃபிட்ஸ் படங்களைத் திறந்து பார்க்கும் டிஎஸ்9 மென்பொருளில் ஒரு கோட்டின் வழியே எடுத்த பிரகாச வெட்டுமுகத்தைப் பைத்தானுக்குக் கொண்டுபோகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். டிஎஸ்9 பிக்சலை 1இலிருந்து எண்ணும், பைத்தான் 0இலிருந்து எண்ணும். எக்ஸ், ஒய் ஆயங்களின் வரிசையும் மாறும், பைத்தானில் முதலில் வருவது ஒய்.