கறியை முதலில் வறு, அப்புறம் அரை: பார்சிலோனா கனலோன்ஸ் செய்யும் முறை

டிசம்பர் 26 ஸ்பெயினின் கத்தலோனியாவில் விடுமுறை. புனித ஸ்தேவான் நாள். அன்று மதியம் எங்கள் கட்டடத்தின் மாடிப்படியில் ஏறினால் எல்லாக் கதவுக்குப் பின்னாலிருந்தும் ஒரே வாசனைதான்: வெண்ணெயும் பாலும் சீஸும் மேலே முறுகுகிற வாசனை. முந்தின நாள் கிறிஸ்துமஸ் விருந்தில் மீந்த கறி எல்லாம் அரைபட்டு, பாஸ்தாவுக்குள் சுருண்டு, கனலோன்ஸ் ஆகிவிட்டிருக்கும்.

பெயரே சொல்லிவிடும், இது இத்தாலியின் கன்னெல்லோனி. 19-ம் நூற்றாண்டில் பார்சிலோனாவின் பெரிய உணவகங்களில் வேலைக்கு வந்த இத்தாலியச் சமையல்காரர்களோடு வந்தது. முதலில் பணக்காரர் சாப்பாடு. ஈரலும் டிரஃபிள் காளானும் போட்ட ஒரு வகைக்கு இசையமைப்பாளர் ரோசினியின் பெயரே இங்கே நிலைத்துவிட்டது. சதுரமாக வெட்டிக் காயவைத்த பாஸ்தா பெட்டியில் விற்பனைக்கு வந்த பிறகுதான் சாதாரண வீடுகளுக்குள் நுழைந்தது.

நான் முதல் வருடம் செய்தது தப்பு. பச்சைக் கொத்துக்கறியைத் தக்காளியோடு வதக்கி, உள்ளே வைத்து, மேலேயும் தக்காளிச் சாறு ஊற்றினேன். மேல் வீட்டுப் பாட்டியைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். ஒன்று சாப்பிட்டார். முள்கரண்டியைக் கீழே வைத்தார். "நல்லாத்தான் இருக்கு நேனா (பெண்ணே). ஆனா இது கன்னெல்லோனி. கனலோன்ஸ் இல்லை." அடுத்த ஞாயிறு ஒரு அகலமான பாத்திரத்தோடு இறங்கி வந்தார். கீழே இருப்பது அன்று அவர் செய்து காட்டியது. அளவு மட்டும் நான் எடைபோட்டுக் குறித்தது. 20 கனலோன்ஸ் வரும், ஐந்து பேருக்குப் போதும்.

மாட்டுக்கறி 300 கிராம், பன்றித் தோள்கறி 300 கிராம், கோழித் தொடை 300 கிராம். எல்லாம் பெரிய துண்டுகளாகவே இருக்கட்டும். அடி கனமான பாத்திரத்தில் ஆலிவ் எண்ணெய் ஊற்றி, உப்பும் மிளகும் தடவிய கறியைப் போட்டு, எல்லாப் பக்கமும் நன்றாகச் சிவக்க விடுங்கள். அவசரப்பட்டுப் புரட்டினால் ஒட்டும். சிவந்தால் தானாக விட்டுவிடும். பிறகு நறுக்கிய பெரிய வெங்காயம் இரண்டு, குறுக்கே வெட்டிய ஒரு முழுப் பூண்டு, பழுத்த தக்காளி ஒன்றே ஒன்று, பிரிஞ்சி இலை, சிறு துண்டு பட்டை. 100 மில்லி பிராந்தி ஊற்றி அது வற்றியதும், கால் டம்ளர் தண்ணீர் விட்டு மூடி, சிறு தீயில் ஒன்றரை மணி நேரம். நடுவில் இரண்டு மூன்று முறை அடியைச் சுரண்டிவிடுங்கள். வெங்காயம் கறுப்புக்கு முந்தின பழுப்பில், ஜாம் போல வர வேண்டும். பாட்டி பாத்திரத்தை எட்டிப்பார்த்து நான்கு முறை "இன்னும் இல்லை" என்றார். ருசி முழுக்க இங்கேதான் என்பது ஐந்தாவது முறைதான் எனக்குப் புரிந்தது. கடைசி ஐந்து நிமிடத்தில் இரண்டு கோழி ஈரல்.

விருந்தில் மீந்த வேகவைத்த கறி இருந்தால் இன்னும் நல்லது. அதையும் இப்படிச் சிவந்த வெங்காயத்தில் ஒருமுறை புரட்டாமல் அரைக்காதீர்கள். சூப்பில் வெந்த கறி வெளுத்துப்போய், சாரமில்லாமல் இருக்கும்.

இலை, பட்டை, எலும்பை எடுத்துவிட்டு, பூண்டை அதன் தோலிலிருந்து பிதுக்கி, வெங்காயம், அடிச்சாறு எல்லாவற்றோடும் அரையுங்கள். பாலில் ஊறிய ஒரு துண்டு ரொட்டியும் சேரட்டும். பச்சைக் கொத்துக்கறி வெந்தால் மணல் மணலாக நிற்கும். வறுத்து அரைத்தது மெழுகு போலக் கூடும். கன்னெல்லோனிக்கும் கனலோன்ஸுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். பாஸ்தா இத்தாலியுடையது, உள்ளே இருக்கும் கறி கத்தலோனிய அடுப்புடையது.

இத்தாலியச் சமையல் போன இடத்தில் எல்லாம் இப்படித்தான் நடந்திருக்கிறது. ஜெனோவாவின் துளசிச் சட்னி போன்ற பெஸ்தோ பக்கத்து நீஸ் நகரத்தில் பைன் விதையை விட்டுவிட்டு பிஸ்து ஆயிற்று. அடுப்பில் சுடும் பஸ்திச்சோ கிரேக்கத்துக்குப் போய் பாஸ்தித்சியோ ஆனது. அதன் தலையில் கனமாக பெஷமெல் என்ற வெள்ளைப் பால் குழம்பை ஊற்றும் பழக்கத்தைப் பரப்பியவர் செலமெண்டெஸ் என்ற சமையற்கலைஞர். போலந்தில் சூப்புக்குக் கட்டாக விற்கும் கேரட், செலரிக் கிழங்கு, லீக்ஸுக்குப் பெயரே 'இத்தாலியச் சமாச்சாரம்' என்று அர்த்தம் வரும் வ்வோஷ்சிஸ்னா. 1518-ல் போலந்து மன்னரை மணந்து வந்த இத்தாலிய இளவரசி போனா ஸ்ஃபோர்சாதான் அதற்குக் காரணம் என்பார்கள். பிரான்சுக்குச் சமையல் கற்றுக்கொடுத்தவர் இத்தாலியிலிருந்து மணமாகிப் போன அரசி கேத்தரின் தெ மெதிச்சி என்ற கதையை மட்டும் நம்பாதீர்கள். 1533-ல் அங்கே போனபோது அவருக்கு வயது 14.

சரி, பாஸ்தா. கொதிக்கும் உப்புத் தண்ணீரில் 20 சதுரங்களையும் ஒவ்வொன்றாகப் போடுங்கள். மொத்தமாகப் போட்டால் கட்டியாகி, பிரிக்கும்போது கிழியும். பெட்டியில் எழுதியிருக்கும் நேரத்துக்கு வேகவைத்து, குளிர்ந்த தண்ணீரில் போட்டு எடுத்து, மேஜைமேல் விரித்த சுத்தமான பருத்தித் துணியில் பரப்புங்கள். துணி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஒன்றுக்கு 40 கிராம் கறி, விரல் கனத்தில் ஓரத்தில் நீளமாக வைத்துச் சுருட்டுங்கள். மடிப்பு அடியில் போகட்டும்.

பெஷமெல்: 60 கிராம் வெண்ணெயில் 60 கிராம் மைதாவைச் சிவக்காமல் இரண்டு நிமிடம் வதக்கி, ஒரு லிட்டர் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறுங்கள். உப்பு, துருவிய ஜாதிக்காய். கரண்டியின் முதுகில் விரலால் கோடு போட்டால் கோடு மூடக் கூடாது. கனலோன்ஸைச் சுருட்டும் முன்பே இதில் ஒரு கரண்டி எடுத்துக் கறியோடு கலந்துவிடுங்கள். பாட்டி கேட்டால்தான் சொன்ன விஷயம் இது. (அதனால் பெஷமெலை முதலிலேயே செய்துகொள்வது நல்லது.)

தட்டின் அடியில் கொஞ்சம் பெஷமெல், அதன்மேல் நெருக்கமாக கனலோன்ஸ், மீதி பெஷமெல் முழுக்க மூடும்படி. எங்காவது பாஸ்தா வெளியே தெரிந்தால் அந்த இடம் ஓடு போலக் காய்ந்துவிடும். மேலே 100 கிராம் துருவிய எமெந்தால் சீஸ், அங்கங்கே வெண்ணெய். ஓவனில் 200 டிகிரியில் 20 நிமிடம். தக்காளிச் சாறு வேண்டாம், ஆரகனோ வேண்டவே வேண்டாம்.

முந்தின நாளே சுருட்டி, பெஷமெல் ஊற்றி, ஃபிரிட்ஜில் வைக்கலாம். அப்போது சூடேற 10 நிமிடம் கூடுதலாகும். அடுப்பிலிருந்து எடுத்ததும் பரிமாறாதீர்கள், தட்டில் குழைந்து ஓடும். பத்து நிமிடம் பொறுத்தால் ஒவ்வொன்றும் முழுசாக எழும்பி வரும். போன வருடம் பாட்டி மூன்று சாப்பிட்டுவிட்டு, வெங்காயம் இன்னும் ஐந்து நிமிடம் இருந்திருக்கலாம் என்றார்.