புராணத்துக்குப் பயன் சொல்கிறவர்களுக்கு: எது கதை, எது தத்துவம்?

யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராணப் படிப்பு இன்னும் நடக்கிறது. ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிப்பார். பக்கத்தில் இருப்பவர் பயன் சொல்லுவார், அதாவது பாட்டின் பொருளை விளக்குவார். நான் பயன் சொல்கிற ஆள். பள்ளிக்கூடத்தில் படிப்பித்ததோ இரசாயனம். அதனால் பிள்ளைகளுக்கு என்னிடம் கேட்கக் கூச்சமில்லை. வேள்வியில் தலை இழந்த தக்கனின் கதை வந்தபோது ஒரு பிள்ளை கேட்டான்: "சேர், தக்கனுக்கு ஆட்டுத்தலை வைச்சா ஒட்டுமோ? நீங்களே இதைச் சொல்லலாமோ?" புதிதாகப் பயன் சொல்ல வருகிறவர்களுக்கும் வீட்டில் கதை சொல்கிறவர்களுக்கும் நான் கைக்கொள்ளும் முறையைச் சொல்கிறேன்.

முழுப் புராணத்துக்கும் ஒரே பதிலை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாசாரியார் பாடியது ஆறு காண்டம், 10,345 பாட்டு. அத்தனையும் நடந்தது என்பவரும் அத்தனையும் தத்துவம் என்பவரும் பெரும்பாலும் நூலைத் திறந்து பார்க்காதவர்கள். படலம் படலமாகத்தான் முடிவெடுக்க வேண்டும்.

முதலில், நூல் தானாகவே குறிப்புத் தருகிறதா என்று பாருங்கள். சூரபன்மன் ஆணவம், அவன் தம்பிமாரில் சிங்கமுகன் கன்மம் (வினை), யானைமுகத் தாரகன் மாயை, இவையே உயிரைக் கட்டும் மும்மலம் என்று எங்கள் சைவப் பெரியவர்கள் சொல்லிவந்த விளக்கம் வெளியிலிருந்து ஒட்டவைத்தது போலத் தோன்றலாம். ஆனால் அந்த மூவரையும் பெற்றவளுக்கு நூலிலேயே பெயர் மாயை. சூரன் வீழ்ந்தபின் புலவர் பாடுவதும் "மாயையின் மகனும் அன்றோ வரம்பிலா அருள்பெற் றுய்ந்தான்" என்றுதான். இப்படிக் கவிஞரே கையைக் காட்டும் இடத்தில் தத்துவம் சொல்லத் தயங்க வேண்டாம்.

அடுத்தது, அந்த விளக்கம் கதையின் நுணுக்கங்களைத் தாங்குகிறதா என்று பாருங்கள். மாமரமாகி நிற்கும் சூரனை முருகனின் வேல் பிளக்கிறது, ஆனால் அவன் சாகவில்லை. ஒரு பாதி மயிலாகி வாகனமாகிறது, மறு பாதி சேவலாகிக் கொடியேறுகிறது. ஏன் கொல்லவில்லை? செம்பில் களிம்பு போல ஆணவம் உயிரோடு அநாதியாக இருப்பது, அது அழியாது, அதன் வலிதான் அடங்கும் என்பது சைவசித்தாந்தம். இங்கே கதையும் தத்துவமும் அச்சாகப் பொருந்துகின்றன. திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரசம்ஹாரம் பார்த்தவர்களுக்கு யானைமுகம், சிங்கமுகம், பிறகுதான் சூரனின் சொந்த முகம் என்ற வரிசை தெரியும். மாயை, கன்மம், கடைசியாக ஆணவம். அந்த வரிசையும் பொருந்துகிறது.

இந்த ருசி கண்டபின் எல்லாவற்றையும் உருவகமாக்க நாக்குத் துடிக்கும். அங்கேதான் நிறுத்த வேண்டும். மகேந்திர காண்டத்தில் சூரன் மந்திராலோசனை நடத்துகிறான். தேவர்களைச் சிறையிலிருந்து விடு என்று எழுந்து சொல்கிறவன் சிங்கமுகன். அண்ணன் ஏளனம் செய்ய, அப்படியென்றால் உன்னோடு நிற்கிறேன் என்று போருக்குப் போகிறான். கன்மம் ஆணவத்துக்கு நல்லபுத்தி சொல்லுமோ? சொல்லாது. இதை வளைத்து நெளித்துத் தத்துவமாக்குவதைவிட, கும்பகருணனைச் சொல்வதுபோல ஒரு தம்பியின் கதையாகச் சொல்லிவிடுங்கள். சூரனின் மகன் பானுகோபன், மனைவி பதுமகோமளை என்று ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தத்துவம் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். கேட்க எனக்குக் களைப்பாக இருக்கிறது.

முருகனின் பேருருவைக் கண்டு சூரன் பேசும் இடம் இன்னும் கவனம் வேண்டியது. "பாலனென் றிருந்தேன் அந்நாட் பரிசிவை உணர்ந்தி லேன்யான்" என்கிறான். உணர்ந்துவிட்டான், ஆனாலும் மறுபடி ஆயுதம் எடுக்கிறான். இந்தப் பாட்டை வாசிக்கும்போது "இங்கே ஆணவ மலம்..." என்று தொடங்கினால் கேட்கிறவர்கள் கண்ணில் நின்ற மனிதன் மறைந்துபோவான். நான் அந்த இடத்தில் ஒரு விளக்கமும் சொல்வதில்லை.

பெரியபுராணம் வேறு வகை. சிறுத்தொண்டர் பல்லவப் படையோடு வாதாபிக்குப் போனவர் என்று சேக்கிழார் சொல்கிறார். 642-இல் முதலாம் நரசிம்மவர்மன் வாதாபியைப் பிடித்தது வரலாறு. அதே புராணத்தில் அவர் அடியாராக வந்த சிவனுக்குத் தன் பிள்ளையைக் கறி சமைக்கிறார். "பிள்ளை என்றால் பற்று" என்று சொல்லி நழுவலாம், பலர் நழுவுகிறார்கள். சேக்கிழாரோ அப்படி ஒரு குறிப்பும் தரவில்லை. கூச்சமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஓர் இடத்தை உருவகமாக்குவது ஏமாற்று. கேட்கிறவர்களுக்கு வயிறு கலங்கினால் கலங்கட்டும்.

தலக்கதைகளை ஊரை வைத்துப் பாருங்கள். சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியின் குதிரைமுகம் யாழ்ப்பாணத்துக் கீரிமலைத் தீர்த்தத்தில் மாறியது என்கிறோம். முகம் மாறியதற்குச் சாட்சி இல்லை, ஆனால் கடலை ஒட்டி நல்ல தண்ணீர் ஊறுவது இன்றும் கண்முன்னே இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வரும் நிலத்தடி நீர் அது. இரண்டையும் சொல்லுங்கள், ஒன்றை வைத்து மற்றதை அடிக்க வேண்டாம்.

இனி, ஆட்டுத்தலை. அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன பதில்: "ஒட்டாது, தம்பி." பிறகு கேட்டேன், ஏன் ஆடு? சிவனுக்கு அவி (வேள்விப் பங்கு) கொடுக்காமல் வேள்வி செய்தவனுக்கு, வேள்வி ஆட்டின் தலையே வந்து வாய்க்கிறது. இது என் ஊகம் என்பதையும் சேர்த்தே சொன்னேன். புலவர் சொன்னது, பெரியவர்கள் வழிவழியாகச் சொன்னது, நான் நினைப்பது ஆகிய மூன்றையும் கலக்காமல் சொன்னால், பிள்ளைகள் பிறகு எதைத் தள்ளுவது என்று தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.

முன்வரிசையில் ஆறு நாளும் கந்தசஷ்டி விரதம் இருக்கும் ஆச்சிக்கு, சூரன் வெட்டுப்பட்டது போன கிழமை நடந்த சங்கதி. அவவுக்கு "இது வெறும் உருவகம்" என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, தேவையும் இல்லை. கதையை முழுதாகச் சொல்லுங்கள். வேல் மரத்தைப் பிளக்கும்வரை ஆணவம் என்ற பேச்சே எடுக்காதீர்கள்.

பழக விரும்பினால் யுத்த காண்டத்தில் சூரபன்மன் வதைப் படலத்தை எடுங்கள், பிறகு மகேந்திர காண்டத்துச் சூரன் அமைச்சியற் படலம். உரை உள்ள பதிப்பாக இருக்கட்டும். ஆனால் பாட்டை வாய்விட்டு இரண்டு தரம் வாசித்தபிறகே உரைப்பக்கம் போங்கள்.