சுகாதாரக் கணக்கெடுப்பில் மறியலைப் பற்றி, அதாவது சிறையில் இருந்ததைப் பற்றிக் கேட்கப் போகிறீர்களா?

யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகப் போய் நீரிழிவு, பிரஷர், நித்திரை என்று கேட்கிற படிவத்தின் கடைசியில் "மறியலுக்குப் போயிருக்கிறீர்களா?" என்று ஒரேயொரு கேள்வியைச் செருகிவிட்டு வராதீர்கள். பலர் இல்லை என்பார்கள், அது பொய்யும் இல்லை. வழக்கு முடியுமுன் அடைத்துவைக்கிற விளக்கமறியலில் 14 நாள் இருந்து பிணையில் வந்தவர் தன்னை மறியலுக்குப் போனவராக நினைக்கமாட்டார், பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் மாதக்கணக்காக இருந்தவர் அதைத் தடுப்பு என்பார், 2009இல் போர் முடிந்த பிறகு புனர்வாழ்வு முகாமில் அடைக்கப்பட்டிருந்தவருக்கு அது புனர்வாழ்வு.

அதனால் பிரித்துக் கேளுங்கள். பிடித்து விசாரித்தார்களா, கைதா, விளக்கமறியலா, தண்டனையா, தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் உள்ளே போனதா, தடுப்பா, புனர்வாழ்வா. ஒவ்வொன்றுக்கும் எத்தனை தரம், எவ்வளவு காலம், கடைசியாக எப்போது. ஒரு கிழமை இருந்தவரையும் ஏழு வருடம் இருந்தவரையும் ஒரே 'ஆம்' இல் போட்டால் உடம்புக்கு என்ன நடந்ததென்று பிறகு பார்க்கவே ஏலாது. வருடம் ஞாபகம் வராவிட்டால் 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்கு முந்தியா, சுனாமிக்குப் பிறகா, கொரோனா நேரமா என்று கேளுங்கள். உள்ளே இருந்தபோது மருந்து விடுபட்டதா என்பது முக்கியம். என்ன வழக்கு, செய்தாரா இல்லையா என்பதெல்லாம் நமக்குத் தேவையில்லை.

"வீட்டில் வேறு யாரையாவது பிடித்தார்களா?" என்ற இடத்தில்தான் மிகவும் கவனம் வேண்டும். கூட்டிக்கொண்டு போன பிள்ளை திரும்பி வராத வீடுகள் இங்கே இருக்கின்றன. அந்த அம்மா எந்தப் பெட்டியில் புள்ளடி போடுவார்? 'கொண்டுபோனார்கள், இன்னும் வரவில்லை' என்று தனி விடை வையுங்கள், 'இறந்தவர்' என்பதற்குள் ஒருநாளும் போடாதீர்கள். அவர் சொல்லத் தொடங்கினால் படிவத்தை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டு இருங்கள், அடுத்த வீட்டுக்கு நாளைக்குப் போகலாம்.

விதானையாரை, அதாவது கிராம அலுவலரைக் கூட்டிக்கொண்டு போகவேண்டாம். விறாந்தையில் மாமியும் பக்கத்து வீட்டாரும் இருக்கும்போது இந்தப் பகுதியைத் தொடவும் வேண்டாம். அமெரிக்காவில் போதைப்பொருள் பாவனை பற்றிய தேசியக் கணக்கெடுப்பில் கைது பற்றிய கேள்விகளை ஹெட்போனில் கேட்டுத் தாங்களே கணினியில் பதில் அழுத்தும் முறை உண்டு. இங்கே படிவத்தை அவர் கையிலேயே கொடுத்துப் புள்ளடி போடச் சொன்னாலும் சரி, பெயர் மட்டும் அதில் இருக்கக்கூடாது.

அப்புறம், இப்போது உள்ளே இருப்பவர் வீட்டுக் கணக்கெடுப்பில் அகப்படவே மாட்டார். அங்கத்தவர் விபரம் எழுதும்போதே "வழக்கமாக இங்கே இருக்கிற யாராவது இப்போது மறியலிலோ தடுப்பிலோ இருக்கிறாரா?" என்று கேட்டு, அவருக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.