ஒப்புக்கொள்ளும் முன் ஆதாரத்தைக் கேளுங்கள்

வீடு, வேலை, வங்கிக் கணக்கு பற்றியெல்லாம் வெளிநாட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே யாராவது சொல்லித் தந்துவிடுவார்கள். வழக்கில் மாட்டினால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் பேசுவதில்லை. அதனால்தான் பலர் பயத்தில், "ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டால் தொல்லை முடிந்துவிடும்" என்று நினைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். அந்த ஒரு வார்த்தையில் விசாவே போகலாம். ஆஸ்திரேலியாவில் 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை கிடைத்தாலே விசாவை ரத்து செய்ய இடமுண்டு. எந்த நாடானாலும் வக்கீலிடம் முதல் கேள்வி, "இதை ஒப்புக்கொண்டால் என் விசா என்னவாகும்?" என்பதாக இருக்கட்டும்.

அடுத்த கேள்வி இன்னும் முக்கியம்: "அரசுத் தரப்பிடம் இருக்கும் ஆதாரங்களை வாங்கிப் பார்த்துவிட்டீர்களா?"

எப்படியாவது தண்டனை வாங்கித் தருவது அரசு வழக்கறிஞரின் வேலை அல்ல. உங்களுக்குச் சாதகமான ஆதாரம் அவரிடம் இருந்தால் அதையும் தந்தாக வேண்டும். அமெரிக்காவில் 1963ஆம் ஆண்டின் பிராடி தீர்ப்பும், கனடாவில் 1991ஆம் ஆண்டின் ஸ்டின்ச்கோம்ப் தீர்ப்பும் அதைத்தான் சொல்கின்றன. ஆனாலும் மறைக்கிறார்கள். டெக்சாஸில் மனைவியைக் கொன்றதாக 1987இல் தண்டிக்கப்பட்ட மைக்கேல் மார்ட்டன் ஏறக்குறைய 25 வருடம் சிறையில் கிடந்தார். 'அடித்தது அப்பா இல்லை' என்று அவருடைய சின்ன மகன் சொன்ன விவரம் போலீஸ் கோப்பிலேயே இருந்தது. அது அவருடைய வக்கீல்கள் கைக்கு வரவில்லை. டிஎன்ஏ பரிசோதனைதான் 2011இல் அவரை வெளியே கொண்டுவந்தது. அந்த வழக்கை நடத்திய அரசு வழக்கறிஞருக்குக் கிடைத்த தண்டனை 10 நாள் சிறை. எனக்கு இன்றும் ஆறவில்லை.

பிரிட்டனில் தபால் அலுவலக வழக்குகளையும் தெரிந்துகொள்ளுங்கள். ஹொரைசன் என்ற கணினி அமைப்பு காட்டிய தவறான கணக்கை நம்பி, தபால் நிலையங்களை நடத்தியவர்கள் பணத்தைத் திருடியதாகவும் பொய்க் கணக்கு எழுதியதாகவும் குற்றம் சாட்டப்பட்டு, 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் தெற்காசியர்களும் நிறைய. பெரும்பாலான வழக்குகளைத் தொடுத்தது தபால் நிறுவனமே. சிறைக்குப் போகாமல் தப்பிக்கலாம் என்று செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களும் உண்டு. அமைப்பில் இருந்த கோளாறு பற்றிய விவரங்கள் மறைக்கப்பட்டதை 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்து, 39 பேரின் தண்டனைத் தீர்ப்புகளை ரத்து செய்தது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? ஆதாரம் கேட்கும்போது எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். உங்களுக்குச் சாதகமாக எது இருக்கக்கூடும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்: கடையின் கேமரா பதிவு, பேருந்து அட்டை, போன் செய்திகள். பல இடங்களில் கேமரா பதிவு சில வாரங்களில் அழிந்துவிடும். அதனால் அன்றைக்கே வக்கீலிடம் சொல்லுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்பதை விட்டுக்கொடுக்காதீர்கள். புரியாமல் "சரி, சரி" என்று தலையாட்டினால் ஒப்புக்கொண்டதாகவே எழுதிவிடக்கூடும். நீங்கள் இலங்கைத் தமிழர், மொழிபெயர்ப்பவர் தமிழ்நாட்டுக்காரர் என்றால் அதையும் கவனியுங்கள். "அவரோட கதைச்சனான்" என்பது 'பேசினேன்' என்றுதான் போய்ச் சேர வேண்டும். தவறாகப் போகிறது என்று தோன்றினால் அங்கேயே நிறுத்தி, அதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பிறகு மேல்முறையீட்டில் பதிவில் இருப்பதுதான் பேசும்.

இங்கிலாந்தில் காவல் நிலையத்தில் வைத்து விசாரித்தால், வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்ட ஆலோசனை இலவசம். "வக்கீல் வந்த பிறகு பேசுகிறேன்" என்று சொல்வதைக் குற்றத்தின் அடையாளமாக நினைத்துக் கூச்சப்பட வேண்டாம்.

அப்புறம், தூதரகம். வெளிநாட்டவரைக் கைது செய்தால் அவருடைய நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லக் கேட்கலாம் என்பதை அவரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1963ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தம். கேட்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. அகதி விண்ணப்பம் நிலுவையில் இருப்பவர்கள் வக்கீலிடம் கேட்காமல் "சொல்லுங்கள்" என்று தலையாட்டிவிடாதீர்கள்.