கேஸ் பாய்லர் ஹீட்டிங்: குழாய் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

பாய்லரில் நீரைச் சூடாக்கி, குழாய் வழியே அறைகளில் உள்ள ரேடியேட்டர்களுக்கு அனுப்பி வீட்டைச் சூடாக்கும் முறை இது. பாய்லரை முதலில் வாங்கிவிடாதீர்கள். அறை அறையாக வெப்ப இழப்பைக் கணக்கிடுங்கள். மொத்தம் 12 கிலோவாட், போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் 20 டிகிரி வித்தியாசம் என்றால், 12 × 860 ÷ 20 = மணிக்கு 516 லிட்டர் ஓட வேண்டும் (1 கிலோவாட் என்பது மணிக்கு 860 கிலோகலோரி). 22 மி.மீ. செம்புக் குழாயில் இது நொடிக்கு அரை மீட்டருக்குள் அடங்கும். மெயின் லைனிலேயே சிக்கனம் பார்த்து 15 மி.மீ. போட்டால் 1 மீட்டரைத் தொடும். ராத்திரியில் குழாய் இரையும். ரேடியேட்டர் கிளைகளுக்கு 15 தாராளம்.

பலர் கோட்டை விடுவது விரிவுத் தொட்டியில்தான், அதாவது சூடாகி விரியும் நீருக்கு இடம் கொடுக்கும், உள்ளே காற்று அடைத்த தொட்டியில். உச்சியில் உள்ள ரேடியேட்டர் தொட்டியிலிருந்து 5 மீட்டர் உயரத்தில் இருந்தால் 0.5 பார் (அழுத்தத்தின் அளவு), அதோடு 0.3 கூட்டி, தண்ணீர் ஏற்றும் முன்பே தொட்டியின் காற்றை 0.8 பாருக்கு வையுங்கள். பிறகு குளிர்ந்த நீரை 1.1 பார் வரை நிரப்பலாம். காற்று இறங்கிய தொட்டி இருந்தால், சூடேறியதும் 3 பார் சேஃப்டி வால்வு சொட்டும். வால்வை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள், பாவம் அதன்மேல் தப்பே இருக்காது. அந்த வால்வுக்கும் பாய்லருக்கும் நடுவே மூடும் வால்வு எதுவும் கூடவே கூடாது.

ரிட்டர்ன் லைனில் (நீர் திரும்பும் குழாயில்), பாய்லருக்குச் சற்று முன்னால், இரும்புத் துருவைப் பிடிக்கும் காந்த ஃபில்டர். எல்லா ரேடியேட்டரிலும் தெர்மோஸ்டாட் வால்வு (அறை சூடானதும் தானே மூடிக்கொள்வது) வைத்தால், அத்தனையும் மூடிக்கொள்ளும் நேரத்துக்கு, நீர் சுற்றி வர ஒரு பைபாஸ் (மாற்றுக் குழாய் வழி) வேண்டும். கண்டென்சிங் பாய்லர் (புகையில் உள்ள நீராவியைக் குளிர்வித்து அதன் வெப்பத்தையும் எடுப்பது) என்றால் திரும்பும் நீர் 55 டிகிரிக்குக் கீழே இருக்கும்படி ரேடியேட்டரைப் பெரிதாகவே எடுங்கள். கேஸ் லைனை மட்டும் உரிமம் உள்ளவரிடம் விட்டுவிடுங்கள்.