டிராஃப்ட் எப்படி ஆர்எஃப்சி ஆகிறது? சேலத்தில் இருந்தபடியே பின்தொடரும் வழி

இணையம் இயங்கும் விதிகளை எழுதிவைக்கும், எண் போட்ட ஆவணங்களுக்கு ஆர்எஃப்சி என்று பெயர். அதற்கு முந்தைய வரைவுதான் டிராஃப்ட். நெட்வொர்க் பாடம் படித்தவர்களுக்கு டிசிபி (தரவைச் சிதறாமல் கொண்டுசேர்க்கும் விதிமுறை) என்றால் ஆர்எஃப்சி 793 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாயில் வரும். (அது பழசாகிவிட்டது. 2022இல் 9293 வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. தேர்விலோ புராஜெக்ட்டிலோ எண்ணை எழுதும் முன், ‘ஆப்சலீட்டட் பை’, அதாவது இதன் இடத்துக்கு வந்தது இன்னது என்று ஒரு வரி இருக்கிறதா என்று ஆர்எஃப்சி தளத்தில் பார்த்துவிடுங்கள்.) அந்த எண் கிடைக்கும் முன் யார் யார் சரி சொல்ல வேண்டும் என்பதுதான் பலருக்கும் தெரியாத சங்கதி.

முடிவெடுக்கும் இடம், இணையத் தரநிலைகளை உருவாக்கும் ஐஇடிஎஃப். 1986 ஜனவரியில் 21 பேர் கூடித் தொடங்கிய அமைப்பு. உறுப்பினர் அட்டை கிடையாது, சந்தா கிடையாது. ஏற்காடு அடிவாரத்தில் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவரும் பெரிய கம்பெனியின் தலைமைப் பொறியாளரும் அங்கே தனி ஆட்கள்தான். ஐஇடிஎஃப் ஆவணங்கள் கிடைக்கும் ‘டேட்டாடிராக்கர்’ தளத்தில் ஏதாவது ஒரு டிராஃப்டைத் திறந்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். காசு இல்லை, பார்ப்பதற்குப் பதிவும் தேவையில்லை.

படி 1: பெயரைப் படிக்கப் பழகுங்கள்

டிராஃப்டின் ஜாதகம் பெயரிலேயே இருக்கிறது. ‘டிராஃப்ட்-ஐஇடிஎஃப்-குயிக்-டிரான்ஸ்போர்ட்-34’ என்பதைப் பாருங்கள். இரண்டாவது சொல் ‘ஐஇடிஎஃப்’ என்றால் ஒரு பணிக்குழு (ஒரு தலைப்புக்கென ஐஇடிஎஃப்பில் அமைந்த குழு) அதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டது என்று பொருள். அந்த இடத்தில் ஆள் பெயர் இருந்தால் அது தனிநபர் போட்டது. யார் வேண்டுமானாலும் போடலாம், அதற்கு எந்த அங்கீகாரமும் இல்லை. அதை வைத்து ‘என் தரநிலையை ஐஇடிஎஃப் வெளியிட்டது’ என்று ரெஸ்யூமில் எழுதுகிறவர்கள் உண்டு. தெரிந்தவர் கண்ணில் பட்டால் மானம் போகும். மூன்றாவது சொல் பணிக்குழு. கடைசி இரண்டு இலக்கம் பதிப்பு எண், 00இல் தொடங்கும்.

தரவைக் கொண்டுபோகும் புதிய விதிமுறையான குயிக் 34 வரை போய் 2021 மே மாதம் ஆர்எஃப்சி 9000 ஆனது. இணைப்பைப் பூட்டிக் காக்கும் டிஎல்எஸ் 1.3, டிராஃப்ட் பதிப்பு 28 வரை போய் 2018 ஆகஸ்டில் 8446 ஆனது. ஏற்காட்டு மலைப்பாதைக்கே 20 கொண்டை ஊசி வளைவுதான்.

புதுப் பதிப்பு போடாமல் விட்டால் 185 நாளில் டிராஃப்ட் காலாவதியாகும். ஐஇடிஎஃப் கூட்டங்கள் மார்ச், ஜூலை, நவம்பரில் நடக்கும். அதற்கு இரண்டு வாரம் முந்தைய திங்கள், உலக நேரம் 23:59 மணிக்கு டிராஃப்ட் ஏற்றும் கதவு மூடும். நமக்கு அது செவ்வாய் விடிகாலை 5:29. நவம்பர் கூட்டத்தின் கெடு ஐப்பசி மழையில் வந்து விழும், மலையில் மரம் சாய்ந்து கரண்ட் போகிற காலம். திங்கள் சாயங்காலமே ஏற்றிவிடுங்கள். அதற்கு முன் ‘ஐடிநிட்ஸ்’ கருவியில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் விட்டுப்போன பகுதி, உடைந்த மேற்கோள் எல்லாவற்றையும் அதுவே காட்டிக்கொடுக்கும்.

படி 2: பணிக்குழுவில் தலையை எண்ணமாட்டார்கள்

புதியவர்கள் சறுக்கும் இடம் இதுதான். பணிக்குழுவில் ஓட்டு கிடையாது. கூட்டத்தில் தலைவர் கேள்வி கேட்பார், ஆதரிப்பவர்கள் வாயை மூடியபடி ‘ம்ம்ம்’ என்பார்கள். பிறகு எதிர்ப்பவர்களின் முறை. பாட்டி சொல்லும் கதைக்கு உம் கொட்டுகிற மாதிரிதான். இணையவழிக் கூட்டத்தில் அதற்குப் பதில் கை காட்டும் கருவி. எதுவானாலும் அறையின் போக்கைத் தெரிந்துகொள்ளத்தான். முடிவு மின்னஞ்சல் குழுவில்தான் உறுதியாகும்.

2014இல் வந்த ஆர்எஃப்சி 7282 இதை நன்றாக விளக்குகிறது. ‘இங்கே ஓட்டை இருக்கிறது’ என்று ஒரே ஒருவர் சொல்லி, யாராலும் அதற்குப் பதில் சொல்ல முடியாவிட்டால் நூறு பேர் ஆதரவும் உதவாது. எதிர்ப்பை அலசிப் பதில் சொல்லியாயிற்று என்றால், எதிர்த்தவர் கடைசிவரை ஒப்பாவிட்டாலும் வேலை நகரும். ஆகவே பத்து நண்பர்களைப் பிடித்து ‘ஆதரிக்கிறேன்’ என்று மெயில் போட வைக்காதீர்கள். பலன் இருக்காது, உங்கள் டிராஃப்டின் மேல்தான் சந்தேகம் வரும்.

உங்கள் யோசனையில் உங்களுக்கோ நீங்கள் வேலை பார்க்கும் இடத்துக்கோ காப்புரிமை இருப்பது தெரிந்தால் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். வாய் திறந்து ஒரு கருத்துச் சொன்னாலே ‘நோட் வெல்’ எனும் பங்கேற்பு விதிகள் உங்களைக் கட்டும்.

படி 3: பணிக்குழுவின் கடைசி அழைப்பில் விமர்சனம் எழுதுங்கள்

டிராஃப்டை மேலே அனுப்பும் முன் பணிக்குழு கருத்துக் கேட்கும் கடைசி வாய்ப்பு இது. வழக்கமாக இரண்டு வாரம் கொடுப்பார்கள். ‘நன்றாக இருக்கிறது’ என்ற மெயிலால் பயன் குறைவு. எந்தப் பிரிவு, என்ன குறை, அதனால் என்ன உடையும், என்ன வாசகம் போடலாம் என்ற நான்கும் இருக்கட்டும். எழுதுவது ஆங்கிலத்தில்தான், ஆனால் உள்ளடக்கம் இப்படி இருக்க வேண்டும்:

“பிரிவு 4.2: பதில் வராவிட்டால் மீண்டும் அனுப்பியே ஆக வேண்டும் என்கிறது. எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில் என்று இல்லை. ஆயிரம் கருவிகளுக்கு ஒரே நேரத்தில் இணைப்புப் போனால் எல்லாம் சேர்ந்து அனுப்பி சர்வரை மூழ்கடிக்கும். இடைவெளியை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கி, உச்சவரம்பு வைக்கலாம்.”

பெரிய எழுத்தில் வரும் ‘மஸ்ட்’ (கட்டாயம்), ‘ஷுட்’ (தக்க காரணம் இல்லாமல் மீறக் கூடாது), ‘மே’ (விருப்பம்) மூன்றையும் குறி வைத்துப் படியுங்கள். 1997இல் ஆர்எஃப்சி 2119 இவற்றுக்குப் பொருள் வரையறுத்தது. பெரிய எழுத்தில் வந்தால் மட்டுமே அந்தப் பொருள் என்று 2017இல் 8174 தெளிவாக்கியது. ‘ஷுட்’ இருந்தால், எப்போது மீறலாம் என்று பக்கத்திலேயே சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு பல பட்டறை கைமாறித்தான் முடிகிறது. கொக்கி அளவைச் சொல்லாமல் விட்டால் ஒருவர் செய்தது இன்னொருவர் சங்கிலியில் மாட்டாது. ஒரு வித்தியாசம்: ஹால்மார்க் மாதிரி ஐஇடிஎஃப் எந்தப் பொருளையும் சோதித்து முத்திரை குத்துவதில்லை. ஆவணத்தோடு அதன் வேலை சரி.

படி 4: பணிக்குழுவுக்கு வெளியே

‘ஷெப்பர்டு’ எனப்படும் பொறுப்பாளர் பணிக்குழுவில் நடந்ததை எழுதிக் கொடுப்பார், அந்தத் துறைக்குப் பொறுப்பான ஏரியா டைரக்டர் படிப்பார். பிறகு ஐஇடிஎஃப் முழுவதற்கும் கடைசி அழைப்பு. பணிக்குழு ஆவணத்துக்கு 2 வாரம், பணிக்குழு இல்லாமல் வந்த தரநிலை ஆவணத்துக்கு 4 வாரம். பாதுகாப்பு, செயல்பாடு என்று தனித்தனி ஆய்வாளர்கள் பார்ப்பார்கள். எண்களும் பெயர்களும் ஒதுக்கும் ஐயானாவும் பார்க்கும்.

படி 5: ஐஇஎஸ்ஜி

டிராஃப்டுக்கு இறுதி ஒப்புதல் தரும், ஏரியா டைரக்டர்கள் அடங்கிய இந்தக் குழு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வியாழனன்று கூடும். யெஸ், நோ அப்ஜெக்‌ஷன், டிஸ்கஸ், அப்ஸ்டெய்ன் (ஆதரிக்காமல் விலகி நிற்பது), ரெக்யூஸ் (தனக்குத் தொடர்பு இருப்பதால் ஒதுங்குவது) என்று ஐந்து நிலைப்பாடு. தரநிலை ஆவணம் தேற ஒரு யெஸ்ஸாவது வேண்டும். ரெக்யூஸ் சொன்னவர்கள் போக மூன்றில் இரண்டு பங்கினர் யெஸ் அல்லது நோ அப்ஜெக்‌ஷன் சொல்ல வேண்டும். ஒரு டிஸ்கஸ்கூட மிச்சம் இருக்கக் கூடாது.

டிஸ்கஸ் விழுந்தால் நிராகரித்துவிட்டார்கள் என்று பதறாதீர்கள். ‘இதைப் பேசித் தீர்க்காமல் விடமாட்டேன்’ என்றுதான் அதற்கு அர்த்தம். பாதுகாப்புப் பகுதியில் ‘புதிய ஆபத்து எதுவும் இல்லை’ என்று ஒரே வரியில் முடித்திருப்பது, மேலே சொன்ன மறு-அனுப்பல் மாதிரி நெரிசலுக்கு வழி சொல்லாதது, ஐயானா பட்டியலில் யார் எப்படிப் புது எண் வாங்கலாம் என்று எழுதாதது ஆகியவை டிஸ்கஸை அழைத்து வரும் வாடிக்கையான காரணங்கள். எல்லா டிஸ்கஸ்களும் டேட்டாடிராக்கரில் பொதுவில் கிடக்கின்றன. நான்கைந்தைப் படித்தால் போதும், எதைத் தேட வேண்டும் என்று கண் பழகிவிடும்.

முடிவு தவறு என்று தோன்றினால் 2 மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

படி 6: எடிட்டர் வரிசை

ஒப்புதல் வந்த பிறகும் எண் கையில் வராது. ஆவணத்தைத் திருத்தி வெளியிடும் ஆர்எஃப்சி எடிட்டரின் வரிசையில் நிற்க வேண்டும். நம் ஆவணம் அவசியம் சார்ந்திருக்கும் இன்னொரு டிராஃப்ட் முடியாமல் கிடந்தால் ‘மிஸ்ரெஃப்’ நிலையில் காத்திருக்க வேண்டும். உலாவியிலேயே குரல், வீடியோ அழைப்புக்கு வழிசெய்யும் வெப்ஆர்டிசி ஆவணங்கள் இப்படி ஒன்றுக்காக ஒன்று வருடக்கணக்கில் கிடந்து, 2021 ஜனவரியில் மூட்டையாக வெளிவந்தன.

கடைசியில் ‘ஆத்48’, ஆசிரியர்களின் இறுதிச் சரிபார்ப்பு. பெயரளவில் 48 மணி நேரம், நடப்பில் வாரக்கணக்கு. முகப்பில் பெயர் உள்ள ஒவ்வொரு ஆசிரியரும் திருத்திய பிரதியைப் படித்துச் சரி என்று மெயில் போட வேண்டும். கல்லூரி மெயில் முகவரியைக் கொடுத்திருந்தால் படிப்பு முடிந்ததும் அது செத்துவிடும். பதில் வராத ஒருவருக்காக எல்லாரும் நிற்பார்கள். முதல் நாளிலேயே சொந்த முகவரியைப் போடுங்கள்.

தரநிலை ஆவணம் வெளிவந்ததும் அதன் நிலை ‘ப்ரொபோஸ்டு ஸ்டாண்டர்டு’. அடுத்த படியான ‘இன்டர்நெட் ஸ்டாண்டர்டு’ ஏற 6 மாதமாவது ஆக வேண்டும். ஒன்றோடொன்று ஒத்துழைக்கும் இரண்டு தனித்தனிச் செயலாக்கங்களும் பரவலான பயன்பாடும் காட்ட வேண்டும். 1998இல் வந்த ஐபிவி6 (இணைய நெறிமுறையின் ஆறாம் பதிப்பு) அடிப்படை ஆவணம் திருத்தப்பட்டு 8200 என்ற எண்ணில் அந்த நிலையை அடைந்தது 2017இல். எண் இருக்கிற எல்லாமே தரநிலை என்றும் எண்ணிவிடாதீர்கள்: 1990 ஏப்ரல் 1 அன்று வந்த 1149, புறாக் காலில் கட்டி ஐபி பாக்கெட் அனுப்புவது பற்றியது.

வெளியான ஆர்எஃப்சியில் ஒரு எழுத்தைக்கூட மாற்றமாட்டார்கள். தப்பு கண்ணில் பட்டால் ‘எர்ராட்டா’ எனும் பிழைப் பட்டியல் பக்கத்தில் யாரும் பதியலாம். ‘வெரிஃபைடு’ என்று வந்தால் அது திருத்தமாகவே பட்டியலில் நிற்கும். ‘ஹெல்டு ஃபார் டாக்குமெண்ட் அப்டேட்’ என்று வந்தால், அடுத்த பதிப்பு எழுதுகிறவர்கள் கவனிக்கட்டும் என்று எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.